காத்திருக்கும் அயனிகள்

இருட்டறை. மேசைமேல் விரல் நீளமே உள்ள ஒரு கண்ணாடிக் குப்பி. உள்ளே தண்ணீர்போல் தெளிந்த திரவம். பக்கத்தில் 980 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளி உமிழும் ஒரு சிறிய டயோடு லேசர். அந்த ஒளி அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது. தெரியாது என்பதாலேயே ஆபத்தும் அதிகம். அறையில் இருப்பவர்கள் எல்லோரும் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருப்பார்கள். லேசரை இயக்கியதும் குப்பிக்குள் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை பச்சை நூல் ஒன்று கட்டியதுபோல் ஒளிர்கிறது. குப்பிக்கு முன்னாலும் இருட்டு, பின்னாலும் இருட்டு. நடுவில் மட்டும் பச்சை.

அழகான காட்சிதான். ஆனால் இயற்பியல் படித்தவருக்கு அதில் ஒரு முறைமீறல் தெரியும். ஒரு பொருள் ஒளியை விழுங்கி மறுபடி உமிழும்போது, உமிழ்கிற ஒளியின் ஆற்றல் விழுங்கியதைவிடக் குறைவாக இருக்கும் என்று 1852-இல் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் எழுதிவைத்தார். நம் வீட்டு டியூப்லைட் அப்படித்தான் எரிந்தது. உள்ளே பிறக்கும் புறஊதாக் கதிரைக் குழாயின் உட்பூச்சு விழுங்கி, அதைவிட ஆற்றல் குறைந்த வெள்ளொளியாகத் தந்தது. பெரிய நோட்டைக் கொடுத்துச் சில்லறை வாங்குவது போன்ற வேலை. குப்பிக்குள் நடப்பதோ தலைகீழ்: அகச்சிவப்புச் சில்லறை உள்ளே போகிறது, பச்சை நோட்டு வெளியே வருகிறது.

ஆற்றல் கணக்கில் பிழை ஏதும் இல்லை. 980 நானோமீட்டர் ஃபோட்டான் ஒன்றின் ஆற்றல் ஏறத்தாழ 1.27 எலக்ட்ரான்வோல்ட். இரண்டைச் சேர்த்தால் 2.5-க்குச் சற்று மேல். 540 நானோமீட்டர் பச்சை ஃபோட்டானுக்கு வேண்டியது 2.3. மீதி சூடாகிப் போகும். இதை அப்கன்வர்ஷன் என்பார்கள். தமிழில் மேல்மாற்றம் என்று வைத்துக்கொள்வோம். இதைச் செய்பவை லாந்தனைடு அயனிகளை உள்ளே பதித்த நானோ துகள்கள். தலைமுடியின் தடிமனில் ஆயிரக்கணக்கில் வரிசைகட்டி நிற்கக்கூடிய அளவு சிறியவை.

இவற்றின் பெருங்குறை ஒன்றே. மங்கலானவை. இருபது ஆண்டுகளாக உலகின் பல ஆய்வகங்கள் இவற்றை இன்னும் பிரகாசமாக்கப் போராடி வருகின்றன. அந்த வேலைகளைப் படித்துவந்ததில் எனக்குப் பட்டது இது: இங்கே ஒளியைக் கூட்டுவது என்பது பெரும்பாலும் கசிவை அடைப்பதுதான். ஆற்றல் வந்து சேர்கிறது. ஒளியாவதற்கு முன் எங்கோ வழிந்துவிடுகிறது. எங்கே, ஏன் என்பதைத் தேடிப்போன கதை, வெளிச்சத்தின் கதையைவிட எனக்குச் சுவையாக இருக்கிறது.

இரண்டு ஃபோட்டான்களைச் சேர்ப்பது அவ்வளவு எளிதல்ல. முதல் ஃபோட்டானை வாங்கிய ஒரு சாதாரணச் சாய மூலக்கூறு, சில நானோ நொடிகளில், அதாவது நொடியில் நூறு கோடியில் சில பங்கு நேரத்தில், அதை வெளியே விட்டுவிடும். அதற்குள் இரண்டாவது ஃபோட்டான் அதே மூலக்கூறைத் தேடிவர வேண்டும். இரண்டையும் ஒரே கணத்தில் விழுங்க முடியும் என்று மரியா கோப்பெர்ட்-மேயர் 1931-இல் கணக்கிட்டுக் காட்டினார். ஆனால் அதற்கு ஒளியை மிகக் குறுகிய துடிப்புகளாகச் செறித்து அடிக்கும் விலையுயர்ந்த லேசர் வேண்டும். லாந்தனைடுகள் வேறு வழியில் போகின்றன. அவை காத்திருக்கின்றன.

காரணம் அணுவின் அமைப்பில் இருக்கிறது. லாந்தனைடு அயனிகளில் ஒளியோடு உறவாடும் எலக்ட்ரான்கள் 4எஃப் என்ற உள்கூட்டில் இருக்கின்றன. அவற்றுக்கு வெளியே வேறு எலக்ட்ரான்கள் மதில்போல் நிற்பதால், சுற்றியுள்ள படிகத்தின் சலசலப்பு உள்ளே அதிகம் எட்டுவதில்லை. அதோடு, ஒரே கூட்டுக்குள் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குத் தாவுவதைக் குவாண்டம் விதிகள் தடுக்கின்றன. தடை முழுமையானது அல்ல, ஆனால் தாவல் அரிதாகிவிடுகிறது. அதனால் மேல்நிலைக்கு ஏறிய அயனி உடனே இறங்குவதில்லை. மைக்ரோ நொடிகள், சில சமயம் ஒரு மில்லி நொடிக்கும் மேல், அங்கேயே நிற்கிறது. நமக்கு அது ஒன்றுமில்லை. அணு உலகில் யுகம். அந்த யுகத்துக்குள் இரண்டாவது ஆற்றல் பொட்டலம் வந்து சேர நேரம் இருக்கிறது.

இந்தத் தனிமங்களின் பெயர்களில் ஒரு சின்னஞ்சிறு ஊர் ஒளிந்திருக்கிறது. சுவீடனில் ஸ்டாக்ஹோமுக்கு அருகே இட்டெர்பி என்றொரு சுரங்க ஊர். அங்கே கிடைத்த கறுப்புக் கல்லிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சியில் பிறந்தவை இட்ரியம், இட்டெர்பியம், எர்பியம், டெர்பியம். நான்கும் அந்த ஒற்றை ஊரின் பெயரைப் பங்குபோட்டுக்கொண்டவை. நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் அருமண் தனிமங்கள் உண்டு. அங்குள்ள மோனசைட்டில் மிகுதியாக இருப்பவை சீரியம், லாந்தனம், நியோடிமியம் போன்றவை. இந்தக் கதையின் நாயகர்களான இட்டெர்பியமும் எர்பியமும் அதில் மிகக் குறைவு. நியோடிமியம் பின்னால் ஒரு முக்கிய இடத்தில் வரும்.

மேல்மாற்றத்தில் வேலைப் பிரிவினை இருக்கிறது. இட்டெர்பியம் வாங்குகிறது, எர்பியம் உமிழ்கிறது. இட்டெர்பியத்துக்கு ஒரே ஒரு மேல்நிலைதான் உண்டு. அது 980 நானோமீட்டர் ஒளிக்குச் சரியாகப் பொருந்துகிறது. எர்பியத்துக்கோ ஏணிபோல் பல நிலைகள். அந்த ஏணியில் தரையிலிருந்து ஒரு படியும், அங்கிருந்து இன்னொரு படியும் இட்டெர்பியத்தின் ஆற்றலுக்கு ஏறத்தாழச் சமமாக அமைந்திருப்பது இயற்கை தந்த நற்பேறு. ஒரு இட்டெர்பியம் தன் ஆற்றலைத் தொடாமலே பக்கத்து எர்பியத்துக்குக் கைமாற்றுகிறது. எர்பியம் ஒரு படி ஏறி நிற்கிறது. இன்னொரு இட்டெர்பியம் தன் பங்கைத் தருகிறது, இன்னொரு படி. அங்கிருந்து சற்றே சறுக்கிப் பச்சையாக உமிழ்கிறது. எர்பியத்துக்குப் பதில் தூலியத்தை வைத்தால் மூன்று, நான்கு படிகள் ஏறி நீலமும் புறஊதாவும்கூடக் கிடைக்கும்.

படிப்படியாக ஏற்றும் யோசனையை 1959-இல் நிக்கோலாஸ் புளூம்பெர்கன் முன்வைத்தார். அகச்சிவப்பு ஃபோட்டான்களை எண்ணும் கருவி செய்யலாம் என்பது அவருடைய எண்ணம். ஆனால் அயனிகள் தங்களுக்குள் ஆற்றலைக் கைமாற்றிக்கொண்டு ஏறும் வழியை 1966-இல் பிரான்சில் பிரான்சுவா ஓசெல் கண்டுபிடித்தார். எர்பியக் கண்ணாடி லேசரைத் திறனாக்க இட்டெர்பியத்தைச் சேர்த்து ஆராய்ந்துகொண்டிருந்தவர் அவர். அதே ஆண்டில் சோவியத் ஒன்றியத்தில் ஓவ்சியான்கினும் ஃபியோஃபிலோவும் தனியாக அதே உண்மைக்கு வந்தார்கள். 1972-இல் சோடியம் இட்ரியம் ஃபுளோரைடு என்ற படிகம் இந்த இணைக்கு மிகப் பொருத்தமான வீடு என்று தெரியவந்தது. அரை நூற்றாண்டு கடந்தும் பெரும்பாலான ஆய்வகங்கள் அந்த வீட்டைவிட்டு வெளியேறவில்லை.

ஏன் அந்த வீடு? படிகம் எப்போதும் அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்த அதிர்வின் பொட்டலங்களுக்கு ஃபோனான் என்று பெயர். மேலே காத்திருக்கும் அயனி தன் ஆற்றலை ஃபோனான்களாகச் சிதறவிட்டு, ஒளியே தராமல் கீழே இறங்கிவிடலாம். எர்பியம் முதல் படியில் நிற்கும்போது அதற்கு அடுத்த கீழ்நிலைவரை உள்ள இடைவெளி, நிறமாலை அளவையில் ஏறத்தாழ 3,600 அலகு. இந்த ஃபுளோரைடின் ஃபோனான் ஒன்றின் அளவு வெறும் 350 அலகுதான். பத்து ஃபோனான்கள் ஒரே நேரத்தில் சேர்ந்தால்தான் அந்த இடைவெளியைக் கடக்க முடியும். அது அரிதாகவே நடக்கும். சாதாரணச் சிலிகாக் கண்ணாடியின் ஃபோனானோ 1,000 அலகைத் தாண்டும். மூன்று நான்கே போதும், எர்பியம் மளமளவென்று இறங்கிவிடும்.

இதில் ஒரு வேடிக்கையான உறவு இருக்கிறது. கடலடிக் கேபிள்களில் இணையத்தைச் சுமக்கும் ஒளியிழைகளில் இடையிடையே எர்பியம் கலந்த இழைப் பெருக்கிகள் இருக்கின்றன. 1980-களின் பிற்பகுதியில் வந்தவை. அங்கேயும் எர்பியத்தை 980 நானோமீட்டரில் ஏற்றலாம். ஆனால் அங்கே அது உடனே கீழே இறங்குவதுதான் தேவை, ஏனெனில் அந்தக் கீழ்நிலையிலிருந்துதான் 1,550 நானோமீட்டர் தகவல் ஒளி பெருகுகிறது. சிலிகாவின் முரட்டு அதிர்வு அங்கே உதவி. அதே அதிர்வு இங்கே திருட்டு. அந்தத் தொழிலுக்காகப் பெருமளவில் செய்யப்பட்டதால்தான் 980 நானோமீட்டர் டயோடு லேசர் மலிவாகி நம் குப்பியின் பக்கத்திலும் வந்து நிற்கிறது.

பெரிய படிகத்தில் எல்லாம் நன்றாகவே நடந்தது. பிரச்சினை நானோவுக்கு வந்ததும் தொடங்கியது.

நானோவுக்கு ஏன் வர வேண்டும்? உயிரியலுக்காக. உடல் திசுக்குள் பச்சையும் நீலமும் அதிக ஆழம் போகாது. அண்மை அகச்சிவப்பு போகும். அந்த ஒளியில் திசு தானாக ஒளிர்வதும் மிகக் குறைவு. ஆகவே அகச்சிவப்பை வெளியிலிருந்து அனுப்பி, உள்ளே குறிப்பிட்ட செல்லில் ஒட்டியிருக்கும் துகளை மட்டும் கண்ணுக்குத் தெரியும் நிறத்தில் ஒளிரவைத்தால், பின்னணி ஏறத்தாழ முழு இருட்டாக இருக்கும். இருட்டில் விளக்கு தேடுவது எளிது. மேலும் இந்தத் துகள்கள் கண்சிமிட்டுவதில்லை, வெளுப்பதும் இல்லை. பெர்க்லி ஆய்வாளர்கள் 2009-இல் தனித் துகள் ஒன்றைத் தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கும் மேல் லேசரில் வைத்திருந்தும் அது சோர்வில்லாமல் ஒளிர்ந்தது. சாய மூலக்கூறுகளோ நிமிடங்களில் செத்துவிடும்.

இத்தனை நற்குணங்களுக்கும் விலை ஒன்று இருந்தது. கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஜான்-கிறிஸ்டோஃபர் பாயரும் ஃபிராங்க் ஃபான் வெக்கலும் 2010-இல் அதை எண்ணில் பிடித்தார்கள். விழுங்கிய நூறு ஃபோட்டான்களுக்கு எத்தனை ஃபோட்டான் வெளியே வருகிறது என்பதுதான் குவாண்டம் ஈட்டம். இரண்டுக்கு ஒன்று என்பதால் மேல்மாற்றத்தில் அதிகபட்சமே 50 சதவீதம்தான். அவர்கள் அளந்ததில், நானோ அல்லாத பெருந்தூளில் 3 சதவீதம். 100 நானோமீட்டர் துகளில் 0.3. 30 நானோமீட்டரில் 0.1. 10 நானோமீட்டரில் 0.005. அதே பொருள், அதே கலவை. அளவு சுருங்கச் சுருங்க ஒளி அறுநூறில் ஒரு பங்காகிவிட்டது.

ஒளி எங்கே போயிற்று? காவிரிப் பாசனத்தில் கடைமடை விவசாயியைக் கேட்டால் சொல்வார். மேட்டூரில் திறந்த தண்ணீர் குறையவில்லை. வழியில் கரை உடைந்திருந்தால் கடைமடைக்கு வராது. துகளுக்குள்ளும் அதுதான். ஐந்தில் ஒரு இட்ரியத்தின் இடத்தில் இட்டெர்பியம் உட்கார்ந்திருப்பதால், ஆற்றல் ஒரு இட்டெர்பியத்திலிருந்து அடுத்ததற்கு, அங்கிருந்து அடுத்ததற்கு என்று பலமுறை தாவித் திரிகிறது. திரிந்து ஒரு எர்பியத்தை அடைந்தால் பயிர் விளையும். ஆனால் திரிகிற வழியில் துகளின் மேற்பரப்பைத் தொட்டுவிட்டால் கதை முடிந்தது. மேற்பரப்பில் படிக ஒழுங்கு குலைந்திருக்கும். கரைப்பானின் மூலக்கூறுகள், எண்ணெய் அமிலங்கள், தண்ணீர் எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். அவை அதிர்வால் ஆற்றலை உறிஞ்சிவிடும்.

இதில் மிகக் கொடிய திருடன் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் பிணைப்பு. தண்ணீரிலும் ஆல்கஹாலிலும் உள்ள அந்தப் பிணைப்பின் அதிர்வு 3,400 அலகுக்கு அருகில். எர்பியத்தின் 3,600 அலகு இடைவெளியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். படிகத்துக்குப் பத்து ஃபோனான்கள் தேவைப்பட்ட இடத்தில், தண்ணீரின் ஒரே அதிர்வு போதும். இப்படி ஒரு படி சறுக்கிய எர்பியம் சில சமயம் அங்கிருந்து மறுபடி ஏறும். ஆனால் பச்சைக்குப் பதில் சிவப்பு நிலைக்குப் போய்ச் சேரும். அதனால்தான் அனுபவமுள்ள ஆய்வாளர் குப்பியின் நிறத்தைப் பார்த்தே நோயை ஊகிக்கிறார். பச்சை மங்கிச் சிவப்பு தூக்கலாக இருந்தால், மேற்பரப்பில் ஏதோ கசிகிறது.

மேற்பரப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்று பள்ளிக் கணக்கிலேயே போட்டுப் பார்க்கலாம். 10 நானோமீட்டர் குறுக்களவுள்ள உருண்டையின் வெளிப்புற 1 நானோமீட்டரை மட்டும் மேற்பரப்பு என்று கொள்வோம். அது மொத்தக் கனஅளவில் 49 சதவீதம்! 30 நானோமீட்டர் துகளில் 19 சதவீதம். 100-இல் 6 சதவீதம். சின்னத் துகளில் பாதி அயனிகள் உடைந்த கரையிலேயே குடியிருக்கின்றன. மீதிப் பாதியும் சில தாவல் தூரத்தில்தான்.

மருந்து எளிமையானது, அதனாலேயே எனக்கு மிகவும் பிடித்தது: துகளுக்கு ஒரு ஓடு கட்டுவது. இட்டெர்பியமும் எர்பியமும் உள்ள கருவைச் சுற்றி, இவை எதுவுமே இல்லாத வெறும் சோடியம் இட்ரியம் ஃபுளோரைடை வளர்ப்பார்கள். கருவும் ஓடும் ஒரே படிகம் என்பதால் இடையில் தையல் தெரியாது. ஓட்டில் இட்டெர்பியம் இல்லாததால் ஆற்றல் அங்கே தாவ முடியாது. கருவுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஒரு எர்பியத்தில் போய்ச் சேரும். தண்ணீரும் பல நானோமீட்டர் தள்ளியே நிற்கும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் யீ, சோ இருவரும் 2007-இல் இதைச் செய்தபோது எர்பியத் துகளின் ஒளி 7.4 மடங்கும், தூலியத் துகளின் ஒளி 29.6 மடங்கும் கூடின. கூடுதலாக ஒரு சொட்டு ஒளிரும் அயனிகூடச் சேர்க்கப்படவில்லை. வெறும் வேலி மட்டுமே.

தூலியத்துக்கு நன்மை அதிகமானதற்கும் காரணம் உண்டு. நீலத்துக்கு மூன்று படி ஏற வேண்டும். ஒவ்வொரு படியிலும் காத்திருக்க வேண்டும். காத்திருப்பு நீள நீளத் திருட்டுக்கான வாய்ப்பும் கூடும். அதனால் வேலியின் பயன் அங்கே பலமடங்காகிறது.

செய்முறையும் ஒருவகைச் சமையல்தான், ஆனால் பொறுமை சோதிக்கும் சமையல். அருமண் உப்புகளை ஒலெயிக் அமிலத்தில் கரைப்பார்கள். ஆலிவ் எண்ணெயில் மிகுந்துள்ள அதே கொழுப்பு அமிலம். கூடவே கொதிநிலை உயர்ந்த ஒரு எண்ணெய்க் கரைப்பான். ஃபுளோரைடைச் சேர்த்து, ஈரத்தையும் காற்றையும் வெற்றிடத்தில் உறிஞ்சி, ஆர்கான் வாயுவின் கீழ் ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம்போல வைப்பார்கள். சூடு போதாவிட்டால் கனசதுர அமைப்புள்ள படிகம் வரும், அது மங்கல். அறுகோண அமைப்பு வந்தால் அதைவிடப் பலமடங்கு பிரகாசம். அதே கலத்தில் ஓட்டுக்கான பொருளை மெல்ல மெல்லச் சொட்டவிட்டால் கருமேல் ஓடு படியும். வேகமாக ஊற்றினால் ஓடு படியாமல் தனித் துகள்களாக முளைத்துவிடும்.

இந்தச் சமையலில் நெடுநாள் கவனிக்கப்படாத ஒரு கசிவு உள்ளேயே இருந்தது. பெரும்பாலான அருமண் உப்புகள் நீர் மூலக்கூறுகளைத் தங்களோடு பிடித்து வைத்திருப்பவை. அந்த நீரிலிருந்து வரும் ஹைட்ராக்சைடு அயனி, ஃபுளோரைடு அயனியின் அளவை ஒத்தது. அதனால் படிகத்துக்குள் ஃபுளோரைடு உட்கார வேண்டிய நாற்காலியில் அது உட்கார்ந்துவிடும். திருடனை வெளியே நிறுத்த வேலி கட்டிய பிறகு, வீட்டுக்குள்ளேயே ஒருவன் இருந்தால் என்ன பயன்? ஜெர்மனியின் ஓஸ்னாப்ரூக்கில் மார்க்குஸ் ஹாசெயின் குழு நீரே இல்லாத அசிட்டேட் உப்புகளிலிருந்து தொடங்கி, கருவின் ஆரம் அளவுக்குத் தடித்த ஓட்டையும் கட்டியது. 2018-இல் அவர்கள் அறிவித்த 45 நானோமீட்டர் துகளின் குவாண்டம் ஈட்டம் ஏறத்தாழ 9 சதவீதம். அவர்கள் கையிலிருந்த பெரும்படிகத் தூளுக்கு மிக அருகில். நானோவாக இருப்பதே குற்றம் என்று நினைத்திருந்தது தவறு. குற்றம் அழுக்கிலும் வேலியின்மையிலும் இருந்தது.

பாயரின் பெருந்தூளுக்கு 3 சதவீதம், இங்கே நானோ துகளுக்கே 9 சதவீதமா என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மேல்மாற்றத்தில் லேசரை இரட்டித்தால், குறைந்த ஒளியில், உமிழ்வு நான்கு மடங்காகும். மேலே போகப்போக அந்த வேகம் தணியும். ஆகவே ஈட்டம் என்பது பொருளின் நிலையான குணம் அல்ல. எந்த ஒளி அடர்த்தியில், எவ்வளவு தூய பொருளில், எப்படி அளந்தது என்று சொல்லாத ஈட்ட எண்ணுக்குப் பொருளே இல்லை. இந்தத் துறையில் எத்தனையோ மடங்கு கூடியது என்று வரும் தலைப்புகளைப் படிக்கும்போதெல்லாம் நான் முதலில் தேடுவது அந்த அடர்த்தியைத்தான்.

அடுத்த கேள்வி: ஒளிரும் அயனிகளையே அதிகமாகப் போட்டால் என்ன? நெடுங்காலம் எர்பியம் 2 சதவீதம், தூலியம் அரை சதவீதம் என்பது எழுதாத சட்டம். அதற்குமேல் போனால் அயனிகள் நெருங்கிவிடும். மேலே இருக்கும் ஒன்று, தரையில் இருக்கும் அண்டை அயனியோடு ஆற்றலைப் பங்கிட்டுக்கொண்டு, இரண்டும் நடுப்படியில் நின்றுவிடும். குறுக்குத் தளர்வு என்று சொல்லலாம். கூட்டம் கூடக்கூட வெளிச்சம் குறையும்.

2013-இல் சிட்னியின் மக்குவாரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜியாங்போ ஜாவோ, டேயோங் ஜின் குழுவினர் அந்தச் சட்டத்தை உடைத்தார்கள். தூலியத்தை 8 சதவீதமாக்கி, லேசரைச் சதுர சென்டிமீட்டருக்கு 25 லட்சம் வாட் என்ற அளவுக்குக் குவித்தார்கள். உச்சி வெயிலைப்போல் ஏறத்தாழ இரண்டரைக் கோடி மடங்கு. உமிழ்வு 70 மடங்குவரை உயர்ந்தது. குறுக்குத் தளர்வுக்குத் தரையில் சும்மா இருக்கும் ஒரு அண்டை அயனி தேவை. இத்தனை ஒளியில் சும்மா இருப்பவர்களே மிச்சமில்லை. மறுபக்கம், குறைந்த தூலியம் உள்ள துகளில் வேலை குவிந்து ஆள் போதாமல் போகிறது. அடுத்த ஆண்டே பெர்க்லி ஆய்வாளர்கள் பழைய விகிதத்தைத் தலைகீழாக்கி, எர்பியத்தை 20 சதவீதமாகவும் இட்டெர்பியத்தை 2 சதவீதமாகவும் வைத்து, நுண்ணோக்கியில் 4.8 நானோமீட்டர் அளவுள்ள தனித் துகளையே பார்க்க முடியும் என்று காட்டினார்கள். அது ஒரு ஒளிரும் புரதத்தின் அளவு. அந்தத் துகள்களையே குப்பியில் போட்டுச் சாதாரண லேசரில் பார்த்தால் ஒளியே தெரியாத அளவுக்கு மங்கல். எது பிரகாசமான துகள் என்ற கேள்விக்கு, எந்த வெளிச்சத்தில் என்று திருப்பிக் கேட்காமல் பதிலே சொல்ல முடியாது.

கசிவை அடைத்தாயிற்று, ஆட்களையும் கூட்டியாயிற்று. ஆனால் வாசலே குறுகலாக இருக்கிறதே! தாவல்களைத் தடுத்து அயனியைக் காத்திருக்கவைக்கும் அதே குவாண்டம் விதி, அது ஒளியை விழுங்குவதையும் தடுக்கிறது. ஒரு நல்ல சாய மூலக்கூறு ஒளியைப் பிடிக்கும் வலிமை, ஒரு இட்டெர்பிய அயனியின் வலிமையைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம். நீண்ட காத்திருப்பும் அகன்ற வாசலும் ஒரே அயனியில் கிடைக்காது.

அப்படியானால் வாசலை வேறொருவரிடம் ஒப்படைத்தால் என்ன? நெதர்லாந்தின் க்ரோனிங்கன் பல்கலைக்கழகக் குழு 2012-இல் இதைச் செய்தது. துகளின் மேற்பரப்பில், 800 நானோமீட்டரை ஒட்டி ஒளியை நன்றாக விழுங்கும் ஒரு கரிமச் சாயத்தை ஒட்டினார்கள். சாயம் ஒளியைப் பிடித்து இட்டெர்பியத்துக்குத் தருகிறது; அங்கிருந்து பழைய வழி. ஒட்டுமொத்த மேல்மாற்றம் 3,300 மடங்கு கூடியது. 2018-இல் பெர்க்லியில் இன்னொரு நுட்பம் தெரிந்தது. துகளில் உள்ள கனமான லாந்தனைடுகள், அருகிலிருக்கும் சாய மூலக்கூறை மும்மை நிலை என்ற நீண்டகால நிலைக்குத் தள்ளுகின்றன. ஆற்றல் பெரும்பாலும் அந்த நிலையிலிருந்தே துகளுக்குள் இறங்குகிறது. அதை வேண்டுமென்றே பெருக்கியபோது வெறும் துகளைவிட 33,000 மடங்கு பிரகாசம். ஆக, சாயமும் காத்திருக்கப் பழகிய பிறகே நல்ல துணையானது.

மலைக்க வைக்கும் எண்கள். ஆனாலும் இந்த வழியில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. துகளின் தலையாய நற்குணம் வெளுக்காமை, சாயமோ வெளுக்கும். மும்மை நிலைக்கு ஆக்சிஜன் பகை. உடலிலோ ஆக்சிஜன் இல்லாத இடம் அரிது. திறந்த வாசலில் நிற்கும் காவலாளி முதலில் சாகிறான். ஓடு தடித்தால் சாயத்தின் ஆற்றல் கருவை எட்டாது. மெலிந்தால் கருவின் ஆற்றல் வெளியே கசியும்.

இங்கேதான் நியோடிமியம் வருகிறது. அது 808 நானோமீட்டரில் இட்டெர்பியத்தைவிட நன்றாக ஒளியை விழுங்கி, இட்டெர்பியத்துக்குக் கொடுக்கும். கனிமம், வெளுக்காது. இன்னொரு பெரிய நன்மை: 980 நானோமீட்டர் ஒளியைத் தண்ணீரே விழுங்குகிறது. உடல் பெரும்பாலும் தண்ணீர் என்பதால், லேசரை நீண்ட நேரம் பாய்ச்சினால் திசு சுடும். 808-இல் தண்ணீரின் உறிஞ்சல் இருபது மடங்குக்கும் மேல் குறைவு. நியோடிமியம் எர்பியத்தின் அருகே இருந்தால் அதன் ஒளியைத் தணித்துவிடும் என்பதால், அதை ஓட்டில் தனியாக வைத்து, இட்டெர்பியம் வழியாக மட்டும் உள்ளே பேசவைக்கிறார்கள். கருவைச் சுற்றி ஓடு, அதைச் சுற்றி இன்னொரு ஓடு என்று வெங்காயம்போல் அடுக்கும் கலை இதிலிருந்தே வளர்ந்தது. தங்கம், வெள்ளி நானோ அமைப்புகளின் அருகே துகளை வைத்து ஒளிப்புலத்தைச் செறியவைக்கும் வழியும் உண்டு; இடைவெளி சில நானோமீட்டர் தவறினாலும் உலோகமே ஒளியைத் தின்றுவிடும்.

எல்லாவற்றிலும் வியப்பானது, திருடனையே காவலனாக்கிய கதை. குறுக்குத் தளர்வு ஒரு அயனியின் ஆற்றலை இரண்டாகப் பங்கிடுகிறது என்றோமே, அதை மறுபக்கமிருந்து பாருங்கள். மேலே ஒன்று, தரையில் ஒன்று. பங்கிட்ட பிறகு நடுப்படியில் இரண்டு. நடுப்படியில் நிற்பவை மட்டுமே விழுங்கக்கூடிய ஒரு லேசரைப் பாய்ச்சினால்? அந்த இரண்டும் மேலே போகும்; தரையில் உள்ள இரண்டைத் தங்களோடு நடுப்படிக்கு இழுக்கும்; நான்காகும், எட்டாகும். பனிச்சரிவு மாதிரி. பிரசியோடிமியம் கலந்த படிகங்களில் 1979-லேயே இதைப் பார்த்திருந்தார்கள். 2021-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஷக் தலைமையில் ஒரு பன்னாட்டுக் குழு, தூலியம் மட்டும் 8 சதவீதம் கலந்து ஓடு கட்டிய நானோ துகளில், அறை வெப்பநிலையிலேயே அதை நிகழ்த்தியது. லேசரின் வலிமை ஒரு எல்லையைத் தாண்டியதும் உமிழ்வு அதன் 26-ஆவது அடுக்காக ஏறியது. லேசரை 10 சதவீதம் கூட்டினால் ஒளி ஏறத்தாழ 12 மடங்கு என்று அர்த்தம். லேசர் புள்ளியின் நட்டநடு மட்டுமே எல்லையைத் தாண்டும் என்பதால், எளிய நுண்ணோக்கியிலேயே 70 நானோமீட்டருக்கும் நுட்பமான படம் கிடைத்தது. ஒரே குறை, பனிச்சரிவு திரண்டு எழ நேரம் பிடிக்கும். எல்லைக்கு அருகே அது அரை நொடி அளவுக்கு நீள்கிறது. மறுபடியும் அதே காத்திருப்பு.

இவை எல்லாம் எங்கே பயன்படும் என்பதற்கு ஒரு சான்று சொல்லலாம். 2018-இல் ஜப்பானின் ரிக்கென் நிறுவனமும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, நீலம் உமிழும் தூலியத் துகள்களை எலியின் மூளை ஆழத்தில் செலுத்தின. மண்டையோட்டுக்கு வெளியிலிருந்து அகச்சிவப்பைக் காட்டியபோது, உள்ளே பிறந்த நீல ஒளி, ஒளியுணரும் புரதம் ஏற்றப்பட்ட நரம்புச் செல்களைத் தூண்டி டோபமைனைச் சுரக்கவைத்தது. மூளைக்குள் ஒளியிழையைச் செருக வேண்டியதில்லை. துகள் இன்னும் பிரகாசமானால் லேசரை இன்னும் தணிக்கலாம். அந்தத் தணிப்புதான் எலியிலிருந்து மனிதருக்கான தூரத்தைக் குறைக்கும்.

முதலில் சொன்ன குப்பியில் இருந்தது தண்ணீர் அல்ல, சைக்ளோஹெக்சேன். அதில் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்றுகூட இல்லை. அதனால்தான் பச்சை நூல் அவ்வளவு தெளிவாக நின்றது. அதே துகள்களின் எண்ணெய்ப் பூச்சைக் கழற்றித் தண்ணீருக்கு மாற்றினால் நூல் மெலிகிறது. ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் உள்ள கனநீருக்கு மாற்றினால் மறுபடி தடிக்கிறது. நல்ல ஓடு இருந்தால் இந்த வித்தியாசம் சுருங்குகிறது. ஆனால் மிக நீர்த்த கரைசலில், உடல் வெப்பநிலையில், நாள்கணக்கில் விட்டுவைத்தால் ஓடே மெல்லக் கரைகிறது. ஃபுளோரைடு அயனிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து தண்ணீரில் கலக்கின்றன. அந்தக் கரைதலைத் தடுக்கும் பூச்சுகளைத்தான் இப்போது பல ஆய்வகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசி, லேசரின் முன் வைத்து, ஒளி குறைகிறதா என்று நாள்தோறும் அளந்துகொண்டிருக்கின்றன.